2002 உலகக் கோப்பையில் நாம் மறந்துபோன மார்க்கோஸ்

2002 உலகக் கோப்பை என்றதும் ரொனால்டோ, ரிவால்டோ, ரொனால்டினோ என்று மூன்று பேரோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கோல்கீப்பர் பேச்சு வந்தாலும் தோற்ற ஜெர்மனியின் ஒலிவர் கானைத்தான் சொல்கிறார்கள். ஏழு ஆட்டத்திலும் பிரேசிலுக்குக் கோல் காத்த மார்க்கோஸ் பெயரை எடுத்தால் "யாரு அது?" என்று கேட்கிறார்கள். எனக்கு இது ரொம்ப நாள் ஆதங்கம்.

அந்த ஏழு ஆட்டத்தில் அவர் விட்டது நான்கே கோல். அதில் இரண்டு, பிரேசில் ஐந்து கோல் போட்ட கோஸ்டா ரிகா ஆட்டத்தில். பெல்ஜியத்துடனான நாக் அவுட் ஆட்டத்தில் அந்த அணியின் வில்மோட்ஸ் விடாமல் குடைச்சல் கொடுத்தார். அன்று மார்க்கோஸ் சரியாக ஆடியிருக்காவிட்டால் பிரேசில் அங்கேயே மூட்டை கட்டியிருக்கும்.

ஜெர்மனியுடனான யோகோஹாமா இறுதி ஆட்டத்துக்கு வருவோம். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம்தான், இன்னும் கோல் விழவில்லை. ஜெர்மனியின் நொய்வில் வெகு தூரத்திலிருந்து ஒரு ஃப்ரீ கிக் அடிக்கிறார். பந்து வளைந்து மூலைக்குப் போகிறது. மார்க்கோஸ் பாய்ந்து விரல் நுனியால் தட்ட, பந்து கம்பத்தில் பட்டு வெளியே போகிறது. அது உள்ளே போயிருந்தால் ஆட்டத்தின் போக்கே வேறு. 67-வது நிமிடம் கான் பந்தை நழுவவிட, ரொனால்டோ கோல் அடித்தார். அதை உலகமே பார்த்தது. ஆனால் தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து கானுக்குத்தான் போனது. கான் பெரிய கீப்பர், அதில் மறுபேச்சில்லை. ஆனால் மார்க்கோஸும் அவரோடு சேர்த்துப் பேச வேண்டிய ஆள்.

டிடா, ரொஜேரியோ செனி என்று வேறு இரண்டு கீப்பர்கள் அணியில் இருந்தும் பிரேசில் பயிற்சியாளர் ஸ்கொலாரி மார்க்கோஸைத்தான் நம்பினார். காரணம் இருக்கிறது. 1999-ல் ஸ்கொலாரி பயிற்சி கொடுத்த பிரேசில் கிளப் பால்மெய்ராஸ், தென் அமெரிக்க கிளப்புகளுக்கான லிபர்டடோரெஸ் கோப்பையை வென்றபோது கோலில் நின்றவர் இவர். அதே வருடக் கடைசியில் டோக்கியோவில் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் ஆடியபோது அந்த அணியின் ரயன் கிக்ஸ் தூக்கிப்போட்ட பந்தைக் கோட்டைவிட்டார், கீன் கோலாக்கினார், 1-0. ஒரு கீப்பரை உடைத்துப்போட அது போதும். இவர் உடையவில்லை. அடுத்த வருடமே பரம எதிரி கொரிந்தியன்ஸுடன் லிபர்டடோரெஸ் அரையிறுதி பெனால்டிக்குப் போனது. மார்செலினோ கரியோகா அடித்ததைத் தடுத்து அணியை இறுதிக்குக் கொண்டுபோனார். பால்மெய்ராஸ் ரசிகர்கள் அவரைப் 'புனித மார்க்கோஸ்' என்று கூப்பிடுவது சும்மா இல்லை.

எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது உலகக் கோப்பைக்கு அப்புறம்தான். அதே 2002 கடைசியில் பால்மெய்ராஸ் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. இங்கிலாந்திலிருந்து ஆர்சனல் கூப்பிட்டது. உலக சாம்பியன் கீப்பர், போயிருந்தால் யாரும் தப்பாகப் பேசியிருக்க மாட்டார்கள். போகவில்லை. 2003-ல் இரண்டாம் டிவிஷனில் ஆடி, அதை வென்று, அணியோடு மேலே வந்தார். பிறகு காயம்மேல் காயம். ஆனாலும் 2009-ல் ஸ்போர்ட் ரெசிஃபேயுடன் நடந்த பெனால்டி ஷூட்அவுட்டில் மூன்றைத் தடுத்தார். 2012 தொடக்கத்தில் ஓய்வு பெறும்வரை வேறு பெரிய கிளப்புக்கு அவர் போகவே இல்லை.

பிரேசில் கீப்பர்கள் பட்டியல் போடுகிறவர்கள் தஃபாரெல், டிடா, அலிசன் என்று மளமளவென்று எழுதிவிட்டு இவரை விட்டுவிடுகிறார்கள். அவர்களிடம் கேட்பது இதுதான்: அந்த இறுதி ஆட்டத்தின் இரண்டு கோலை மட்டும் பார்க்காமல் முழு ஆட்டத்தையும் ஒருமுறை பாருங்கள். 2-0 ஆன பிறகும் ஜெர்மனியின் பீர்ஹோஃப் அடித்ததை அவர் எப்படிப் பிடித்தார் என்பதையும் சேர்த்து.