புஷ் மாற்றத் தெரியாத பட்டறைகள்

மூன்றாவது முறை! ஒரே காருக்கு, அதே முன்சக்கரப் புஷ்களுக்கு, அதாவது சக்கரத்தைத் தாங்கும் கைகளின் மூட்டில் அதிர்வை வாங்கிக்கொள்ளும் உருளைகளுக்கு! மாஸ்டா எம்எக்ஸ்-5-ஐ எடுத்துக்கொண்டு கோலாலம்பூரில் செந்தூலுக்கும் செகாம்புட்டுக்கும் அலைந்து அலுத்துவிட்டேன்.

முதல் பட்டறையில் ரப்பர் புஷ் போட்டார்கள். வண்டி அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டார்கள். சக்கரம் தரையைத் தொட்டு, வண்டியின் எடை இறங்கிய பிறகல்லவா இறுக்க வேண்டும்? புஷ்ஷின் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டிய ரப்பர் அது. தொங்கும்போது இறுக்கினால், வண்டியை இறக்கியதிலிருந்து முறுகியே கிடக்கும். கிழியாமல் என்ன செய்யும்? கழற்றியபோது பார்த்தேன்: நகம் நுழையும் அளவுக்குப் பிறைபோல் ஒரு வெடிப்பு. வயிறு எரிந்தது.

அடுத்த பட்டறைக்காரர் பாலியூரிதேன் என்ற செயற்கைப் பொருளால் ஆன புஷ் போட்டார். கூடவே வந்த கிரீஸ் பொட்டலம் பிரிக்கப்படாமலே இருக்கைக்கு அடியில் கிடந்தது! குழாயின் மேல் சுழல வேண்டிய பொருள், காய்ந்து கிடந்தால் கத்தாதா? பத்துமலைக்குப் போகும் வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் கிறீச், கிறீச்! அம்மா காதைப் பொத்திக்கொள்கிறார்.

அந்தப் பட்டறைக்காரரைக் கேட்டால், "எல்லா வண்டிக்கும் இப்படித்தான் செய்கிறோம், தம்பி" என்கிறார். எல்லா வண்டியையும் இப்படியா கெடுக்கிறீர்கள்? கூலியை முழுதாக வாங்கத் தெரிகிறது. கையேட்டில் ஒரு பக்கம் புரட்ட மட்டும் நேரமில்லையா?