குடையா, குடிநீரா?
கோடைக்கால வானிலை முன்னறிவிப்பைப் படித்து முடிக்கும்போது, வெயிலுக்கு அஞ்சி வீட்டுக்குள் முடங்குவதா, வெள்ளத்துக்கு அஞ்சி வெளியேறுவதா என்பதே எனக்கு விளங்குவதில்லை. ஆபத்தான வெப்பம், கனமழை, திடீர் வெள்ளம் என்று மூன்றையும் ஒரே பத்தியில் அடுக்கிவிடுகிறார்கள். அறிவியலில் பிழையில்லை, வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பதால், வியர்வையை உலரவிடாமல் நம்மைப் புழுங்கவைக்கும் அதே ஈரம்தான் மாலையில் மழையாகக் கொட்டித் தீர்க்கிறது, காய்ந்து இறுகிய மண்ணோ அதை உறிஞ்ச மறுத்துத் தெருவுக்குத் தள்ளிவிடுகிறது. என் ஆற்றாமையெல்லாம் அந்த '40 விழுக்காடு மழை வாய்ப்பு' மீதுதான். துணியை மாடியில் உலர்த்தலாமா கூடாதா என்பதற்கு அது ஒருநாளும் விடை சொன்னதில்லை. நான் உலர்த்திய நாளில் மட்டும் தவறாமல் நூறாகிவிடுகிறது.