பூண்டை நசுக்கிப் பத்து நிமிடம் விடுங்கள்

பச்சைக் காய்கறியில் உள்ள என்சைம்களே நம் சாப்பாட்டைச் செரித்துக் கொடுக்கும், சமைத்தால் அவை செத்துப்போகும், பிறகு உடம்பு தன் கையிருப்பைச் செலவழித்துத் தீர்த்துவிடும் என்று ஒரு பேச்சு வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. கொடைக்கானல் பக்கம் கேரட்டும் கோஸும் தோட்டத்திலிருந்து நேராகக் கைக்கு வருவதால், இங்கே இதை நம்புகிறவர்கள் கொஞ்சம் அதிகம்.

சூட்டில் என்சைம் செயலிழக்கும் என்பது உண்மை. மற்ற இரண்டும் தவறு. என்சைம் என்பது ஒரு புரதம். வயிற்று அமிலத்தின் பி.எச். அளவு 1.5 முதல் 3.5 வரை. அதில் விழுந்த கேரட் என்சைமையும் பருப்புப் புரதத்தையும் வயிறு ஒரே மாதிரிதான் வெட்டிப் போடும். செரிமானத்துக்கு வேண்டியதைக் கணையமே தினமும் ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சுரக்கிறது. பிறக்கும்போதே அளந்து கொடுத்துத் தீர்ந்துபோகும் கையிருப்பு எதுவும் கிடையாது.

ஆனால் காயின் என்சைம்கள் வீண் என்று நான் சொல்லவில்லை. அவை வேலை செய்யும் இடம் அரிவாள்மனையும் அம்மியும். பூம்பாறைப் பக்கம் விளையும் மலைப்பூண்டையே எடுத்துக்கொள்ளுங்கள் (கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது). பூண்டின் வாசனைக்கும் பலனுக்கும் காரணமான அல்லிசின் என்ற பொருள் முழுப் பல்லில் இல்லை. அதற்கான மூலப்பொருள் ஓர் அறையிலும், அல்லினேஸ் என்ற என்சைம் வேறோர் அறையிலும் இருக்கின்றன. நசுக்கும்போதுதான் இரண்டும் சேரும். நசுக்கிய கையோடு கொதிக்கும் ரசத்தில் போட்டால் சூட்டில் என்சைம் செத்துவிடும். பத்து நிமிடம் வைத்துவிட்டுப் போட்டால், அதற்குள் வேலை முடிந்திருக்கும். பலனில் ஒரு பகுதியாவது தங்கும். காலையில் வெறும் வயிற்றில் முழுப் பல்லை அப்படியே விழுங்குவதில் இதனால்தான் பயன் குறைவு. உள்ளே போன பிறகு அமிலம் அந்த என்சைமை முடக்கிவிடுகிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் பச்சைப் பூண்டை மருந்துபோல அள்ளிச் சாப்பிடும் முன் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

கோஸ், பிரக்கோலிக்கும் இதே கணக்குதான். பொடியாக நறுக்கி அரை மணி முதல் நாற்பது நிமிடம் வரை வைத்துவிட்டு, பிறகு லேசாக ஆவி காட்டிப் பொரியல் செய்யுங்கள். நேரமில்லையா? சமைத்து இறக்கியபின் பச்சைக் கடுகைப் பொடித்து அரை ஸ்பூன் தூவலாம். கோஸை நறுக்கும்போது அதன் பலன் தரும் கந்தகச் சத்தை உருவாக்குவது மைரோசினேஸ் என்ற என்சைம். அதே என்சைம் கடுகிலும் உண்டு. தாளித்த கடுகில் அது இருக்காது.

கேரட் விஷயம் நேர் எதிர். பச்சையாகக் கடித்தால், உடம்பில் வைட்டமின் ஏ-வாக மாறிக் கண்ணுக்கு உதவும் பீட்டா கரோட்டினில் பெரும்பகுதி செல் சுவருக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்து வெளியேறிவிடும். வேகவைத்து ஒரு ஸ்பூன் எண்ணெயோ நெய்யோ சேர்த்தால் உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். பச்சைக் கேரட்டை மெல்லுவது நல்லதுதான், நார்ச்சத்து கிடைக்கும். கண்ணுக்காகச் சாப்பிடுகிறீர்கள் என்றால் பொரியல் செய்யுங்கள்.

ரோட்டோரக் கடையில் இலையோடு கேரட் வாங்கி, சட்டையில் துடைத்துக் கடிக்கிறார்கள். பார்க்கவே பயமாக இருக்கிறது. பளபளவென்று கழுவி அடுக்கியிருப்பதால் அது சுத்தம் என்று ஆகிவிடாது. எந்தத் தண்ணீரில் கழுவினார்கள் என்பதுதான் கேள்வி. 'கோஸ் தின்றால் மூளையில் புழு' என்று சொல்வதும் பாதிதான் சரி. குற்றவாளி கோஸ் அல்ல. மனிதக் கழிவு கலந்த மண்ணிலும் நீரிலும் இருக்கும் நாடாப்புழு முட்டை இலையில் ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குள் போனால், மூளையில் கட்டியாகி வலிப்பில் கொண்டுபோய் விடலாம். உப்பு, மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டால் அந்த முட்டை சாகாது. குளோரினையும் நம்ப முடியாது. கோஸின் வெளி இலை நான்கை எடுத்துப் போட்டுவிட்டு, மற்ற இலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஓடும் நல்ல தண்ணீரில் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். கேரட்டைக் கழுவி, தோல் சீவி, மறுபடியும் கழுவுங்கள். தண்ணீர் மேலேயே சந்தேகம் என்றால் பச்சையாகச் சாப்பிடவே வேண்டாம்.

பச்சையாகத் தொடவே கூடாதது ரெட் பீன்ஸ், ராஜ்மா வகை விதைகள். அவற்றில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம், நான்கைந்து விதை தின்றாலே சில மணி நேரத்தில் வாந்தி, பேதியில் தள்ளிவிடும். இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குமிழி வருவதைப் பார்த்து வெந்துவிட்டது என்று நினைத்து அரைவேக்காட்டில் இறக்கினால் ஆபத்து. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் விசில் வந்தபின் தீயைக் குறைத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கும் வேண்டாம். அதில் சேரும் சோலனைன் என்ற நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

வயிற்றுக்குள்ளும் போய் வேலை செய்யும் என்சைம் வேண்டும் என்றால், அது நம் வீட்டுத் தயிரில் இருக்கிறது. பாலின் சர்க்கரையை உடைக்கும் என்சைம் தயிர் பாக்டீரியாவின் செல்லுக்குள் பத்திரமாக இருப்பதால், ஒரு பகுதி அமிலத்தைத் தாண்டிச் சிறுகுடல் வரை போகிறது. பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்கள் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வது இதனால்தான். கொதிக்கவைத்த மோர்க்குழம்பில் இந்தப் பலன் கிடையாது. மலைக் குளிரில் தயிர் உறையவில்லை என்பவர்கள், விரல் வைத்தால் இதமாகச் சுடும் பாலில், அதாவது 40 முதல் 43 டிகிரி இருக்கும்போது உறை ஊற்றி, ஹாட்பாக்ஸில் வைத்துக் கம்பளியால் சுற்றிவிடுங்கள். எட்டு மணி நேரம் பாத்திரத்தை அசைக்காதீர்கள்.

பச்சைக் காய்க்குப் பழக்கமில்லாதவர்கள் ஒரே நாளில் ஒரு தட்டு சாலட்டில் ஆரம்பித்தால் வாயுவும் வலியும்தான் மிச்சம். ஒரு கைப்பிடி, 50 கிராம், மதியச் சாப்பாட்டோடு ஒரு வாரம் சாப்பிடுங்கள். வயிறு ஏற்றுக்கொண்டால் இன்னொரு கைப்பிடி சேர்க்கலாம்.