அரிசிப் பையை நீட்டும்போது

கஜா புயலுக்கு அப்புறம், 2018 நவம்பர் கடைசியில், எங்கள் சபையிலிருந்து வேதாரண்யம் பக்கம் அரிசியும் போர்வையும் கொண்டுபோனோம். தோப்புத் தோப்பாகத் தென்னை வேரோடு சாய்ந்து கிடந்தது. வரிசையில் நின்ற ஒரு அம்மா பையை வாங்குமுன் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "போட்டோவுக்கு எப்படி நிக்கணும் தம்பி?" என்று கேட்டார். முன்னால் வந்துபோனவர்கள் அப்படிப் பழக்கியிருந்தார்கள். நாங்களும் எடுத்தோம். அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை.

நான் தரங்கம்பாடிப் பக்கம், லுத்தரன் சபைக் கிறிஸ்தவன். 1706இல் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு கப்பலில் வந்து இறங்கிய ஊர். கிருபையால்தான் இரட்சிப்பு, கிரியைகளால், அதாவது நற்செயல்களால், அல்ல என்று கேட்டே வளர்ந்தவன். கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்று சொல்லும், பைபிளில் உள்ள யாக்கோபின் நிருபத்தை, எங்கள் சபை மரபைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தரே வைக்கோல் என்றார். அப்படியானால் எதற்காக நல்லது செய்ய வேண்டும்? வாலிபர் கூட்டத்தில் ஒரு பையன் இதைத்தான் கேட்டான். நல்ல மரம் நல்ல கனி கொடுக்கும் என்று பதில் சொன்னார்கள். சரிதான், ஆனால் எனக்கு அது போதவில்லை.

மோட்சத்துக்காகக் கொடுப்பவனுக்கு வாங்குபவர் தேவைப்படுகிறார். அவருடைய பசியில்தானே இவனுக்குப் புண்ணியக் கணக்கு ஏறுகிறது! கடவுள் என்னை ஏற்கெனவே சும்மா ஏற்றுக்கொண்டார் என்று நான் நிஜமாகவே நம்பினால், அந்த அம்மாவிடம் எனக்கு வாங்கவேண்டியது எதுவுமே இல்லை. நன்றி வேண்டாம், படம் வேண்டாம், அடுத்த ஞாயிறு அவர் கோவிலுக்கு வரவும் வேண்டாம். பைபிளில் மத்தேயு 25ஆம் அதிகாரத்தில், பசியாயிருந்தேன், எனக்குச் சாப்பாடு கொடுத்தீர்கள் என்று ராஜா சொல்லும்போது, அவர் வலப்பக்கம் நிற்பவர்கள், "உம்மை எப்போது பசியுள்ளவராகக் கண்டோம்?" என்றுதானே கேட்கிறார்கள்? செய்ததையே அவர்கள் கணக்கு வைக்கவில்லை.

தஞ்சாவூரில் ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரை நினைத்துக்கொள்கிறேன். ஹைதர் அலி படையெடுத்த பஞ்ச காலத்தில், அரண்மனை ஆட்களை நம்பாத குடியானவர்கள் அவர் வாக்கை நம்பி நெல் கொண்டுவந்தார்கள். அவர் பாதுகாத்து வளர்த்த சரபோஜி மன்னர் கடைசிவரை கிறிஸ்தவராகவில்லை. ஆனால் 1798இல் ஐயர் இறந்தபின், லண்டனில் பளிங்குச் சிற்பம் செய்வித்துத் தஞ்சைக் கோவிலில் வைத்தவர் அதே மன்னர்தான். ஐயர் மதம் பரப்ப வந்தவர், அதை மறைக்கவும் இல்லை. இருந்தும் மன்னர் மதம் மாறாததால் ஐயரின் அன்பு குறைந்துவிடவில்லையே.

இந்த மழைக்காலத்துக்கு இப்போதே அரிசி சேர்க்கிறோம். பைகளில் சபைப் பெயர் வேண்டாம், பேனர் வேண்டாம், செல்போனை வேனிலேயே வைத்துவிட்டு இறங்குவோம் என்று கமிட்டியில் கேட்டிருக்கிறேன். கணக்குக் காட்டப் படம் வேண்டுமே என்கிறார்கள். அரிசி மூட்டையைப் படம் எடுங்கள், மனிதர்களை விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் முடிவாகவில்லை.