ரேஷன் அரிசியில் மிதப்பது பிளாஸ்டிக் அல்ல

ரேஷன் அரிசியைக் களையும்போது சில மணிகள் மிதக்கின்றன, அவை பிளாஸ்டிக் அரிசி, பொறுக்கி எறியுங்கள் என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். எங்கள் மன்னார்குடிப் பக்கமும் இந்தப் பேச்சு உண்டு. நெல் விளைகிற ஊரில் அரிசி கொஞ்சம் வேறு மாதிரி இருந்தாலே சந்தேகம் வரும், அதில் தப்பில்லை.

ஆனால் அது பிளாஸ்டிக் இல்லை. செறிவூட்டப்பட்ட அரிசி மணி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் அரிசி வடிவில் பிழிந்தெடுக்கிறார்கள். செறிவூட்டிய அரிசியில் கிலோவுக்குச் சுமார் 10 கிராம்தான் இந்த மணி இருக்கும். மாவில் செய்தது என்பதால் நிறமும் எடையும் கொஞ்சம் மாறும், சிலது மிதக்கும்.

நீங்களே பார்த்துவிடலாம். நான்கைந்து மணிகளைத் தனியே வேகவைத்து விரலால் நசுக்குங்கள், சோறு மாதிரி மசியும். பிளாஸ்டிக் மசியாது. இன்னும் சந்தேகமா? புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தில் ஒரு சொட்டு அந்த மணிமேல் விடுங்கள். மாவுச்சத்து இருந்தால் கருநீலமாகும். பக்கத்திலேயே ஒரு துண்டு பிளாஸ்டிக் கவரிலும் விட்டுப் பாருங்கள், அது அப்படி மாறாது. (மருந்து பட்டதைச் சாப்பிட்டுவிடாதீர்கள்.) கடையில் மூட்டையையும் பாருங்கள், செறிவூட்டிய அரிசி என்றால் கூட்டல் குறியும் எஃப் எழுத்தும் சேர்ந்த முத்திரை இருக்கும்.

காய்கறிக்கே கணக்குப் பார்க்கிற வீட்டில், சத்துக்காகச் சேர்த்த மணியை மட்டும் பொறுக்கி எறிவது நஷ்டம். களையும்போது மிதக்கிறதைத் தண்ணீரோடு கொட்டிவிடாமல் உலையிலேயே போடுங்கள்.