தொட்ட காயை ஆடத்தான் வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டை செஸ் டோர்னமென்ட்டில், ஒரு சின்னப் பையனை எதிர்த்து ஆடிய அண்ணன் அவனிடம் ரூல் பேசியது தப்பு என்று மூன்று நாளாக ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். நான் பக்கத்து போர்டில் ஆடிக்கொண்டிருந்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

பையன் கேஸ்லிங் செய்ய, அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்ற, யானையை முதலில் எடுத்தான். அதை வைத்துவிட்டு அப்புறம்தான் ராஜாவைத் தொட்டான். அண்ணன் வாய் திறக்கவில்லை. கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினார். ஆர்பிட்டர் (நடுவர்) கேட்டதும் பையனே ஒத்துக்கொண்டான். கேஸ்லிங்கில் ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும். யானையைத் தொட்டால் யானையைத்தான் ஆட வேண்டும். ராஜா நடுவிலேயே மாட்டிக்கொண்டது, 15 நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது.

"அவன் கேஸ்லிங்தானே செய்ய வந்தான்" என்கிறீர்கள். அண்ணனுக்கும் அது தெரியும். மனதில் நினைத்ததற்கெல்லாம் தீர்ப்பு சொன்னால் அப்புறம் ஆட்டம் எதற்கு? 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், உலக சாம்பியன்ஷிப் போட்டியின் 14-வது ஆட்டத்தின் 55-வது நகர்த்தலில், அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானையைத் தப்பான இடத்தில் வைத்தார். அதைப் பிடித்துத்தான் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். "பாவம், திருப்பி வைக்கட்டும்" என்று நம்மில் யாராவது சொன்னோமா? அது வேறு, இது கை தவறியது என்பீர்கள். சரி, வேறுதான். தொட்டது தொட்டதுதான்.

எனக்கு 12 வயது இருக்கும். ராயபுரத்தில் தெருவிளக்கடியில் அப்பாவோடு ஆடுவேன். உடைந்துபோன கறுப்புக் குதிரைக்குப் பதிலாக ஒரு சோடா மூடி. ஒருநாள் ராணியைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். "தொட்டுட்டல்ல, ஆடு" என்றார். ராணி போனது. அழுதேன். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. என்னையும் ஓர் ஆட்டக்காரனாக மதித்தார் என்று பிறகுதான் புரிந்தது.

"சின்னப் பையனிடம் ரூல் பேசுவதா?" என்று கேட்கிறீர்கள். 14 வயது, ரேட்டிங் இருக்கிறது, கோச் இருக்கிறார். அண்ணனுக்கு இரண்டும் இல்லை. காசிமேட்டில் மீன் லோடு இறக்கிவிட்டு, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தவர். அவரைப் பார்த்துப் பையனின் அப்பா, ஹாலுக்கே கேட்கிற மாதிரி, "இந்த ஏரியா ஆளுங்க புத்தியே இதுதான்" என்றார். அதைப் பற்றி உங்களில் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. எனக்கு வலிப்பது அதுதான். சத்தம் போட்டால் ரவுடி என்பீர்கள். சத்தமே போடாமல் கையைத் தூக்கினாலும் அதே பேச்சா?

பையன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தோற்றதும் எழுந்து கை கொடுத்தான். "அங்க நான் வேற என்ன ஆடியிருக்கலாம் அங்கிள்?" என்று கேட்டான். இரண்டு பேரும் காயைத் திரும்ப அடுக்க ஆரம்பித்தார்கள். பாதியில் அவன் அப்பா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அண்ணன் அடுக்கின காய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் போட்டார்.