சித்தப்பாவின் தப்பும் ரீப்பரும்

போன மாசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மன்மதன்-ரதி கதையை ஆடும் காமன் கூத்து முடிந்து நாலைந்து நாள் இருக்கும். சித்தப்பாவை எங்கள் இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன்திண்ணையில், உட்கார வைத்து அவர் அடிக்கும் தப்பு மேளத்தைப் பதிவு செய்தேன். பனிக்குத் தோல் தொய்ந்து போயிருந்தது. மிலாறைக் (காய்ந்த தேயிலைக் குச்சி) கொளுத்தி, தப்பை வாட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடியும் வாட்டி, "இப்பக் கேளு" என்றார். கணீரென்று இருந்தது. ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, ஒரே சீராக டக்டக்கென்று தாளம் காட்டும் மெட்ரோனோமை ஓடவிட்டேன். பத்து அடி அடித்திருக்க மாட்டார், கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார்.

"ஏன் தம்பி, நான் இந்த டக்டக்குக்கு அடிக்கிறதா, ஆடுற ரதிக்கு அடிக்கிறதா?"

வீட்டில் ஸ்டூடியோ போட எந்த மென்பொருள் நல்லது என்று இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகள் அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். ரீப்பர் என்றுதான் சொல்கிறேன். அதற்குக் காரணம் சித்தப்பா கேட்ட அந்தக் கேள்வி.

எந்த மென்பொருளைத் திறந்தாலும் ஒரு வேகமும் நாலுக்கு நாலு தாளமும் முன்கூட்டியே போட்டிருக்கும். ரீப்பரும் அப்படித்தான், நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் திறக்கும். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு வாசித்தால் கூத்துத் தப்பு செத்துவிடும். அன்று மெட்ரோனோமை நிறுத்திவிட்டு, அவர் இஷ்டத்துக்கு 11 நிமிடம் அடிக்க விட்டேன். அப்புறம் பதிவான அலையைப் பெரிதாக்கி, ஒரு சுற்றின் முதல் அடியிலிருந்து அடுத்த சுற்றின் முதல் அடி வரை தேர்ந்து, "இதுதான் ஒரு பார்" என்று ரீப்பருக்குச் சொன்னேன். இப்படிச் சுற்றுச் சுற்றாகச் சொல்லிக்கொண்டே போக, திரையில் தாளத்தைக் காட்டும் கட்டக் கோடுகள் அவர் கைக்குப் பின்னால் வந்தன. 98இல் தொடங்கியவர், ரதி ஆட்டத்துக்கான அடி வந்ததும் 112க்கு ஏறியிருக்கிறார். அந்த ஏற்றத்தின் மேலேயே பேஸ் இசையை வைத்தேன், சரியாக உட்கார்ந்தது. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: தொடங்கும் முன் அந்தப் பதிவின் டைம்பேஸ் என்ற அமைப்பை 'டைம்' என்று மாற்றிவிட வேண்டும். மறந்தால் கட்டம் நகரும்போது பதிவும் சேர்ந்து நகர்ந்துவிடும். நான் ஒரு ராத்திரி முழுக்க அதில் திண்டாடியிருக்கிறேன்.

இதே வேலையை க்யூபேஸ், லொஜிக் என்ற மற்ற மென்பொருள்களிலும் செய்யலாம். ஆனால் லொஜிக்குக்கு அப்பிள் கணினியோ ஐபேடோ வேண்டும். நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது? என்னுடையது பழைய விண்டோஸ் லெப்டொப், 4 ஜிபி ரேம். ரீப்பரை இறக்க 20 எம்பிகூடத் தேவையில்லை. சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று விளையாடும் தோட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. பென் டிரைவிலேயே போட்டு ஓடவிடவும் முடியும்.

எஃப்எல் ஸ்டூடியோவை நான் குறை சொல்ல மாட்டேன். நம் பிள்ளைகளில் நிறையப் பேர் அதில்தான் கை பழகியிருக்கிறார்கள். பீட் கட்ட அதைப் போல வேகமானது வேறு இல்லை என்பது என் எண்ணம். ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்கப் புதிய பதிப்புகளைக் காசில்லாமல் தருகிறார்கள், அது பெரிய மனது. ஆனால் அதன் ஆக விலை குறைந்த பதிப்பான ஃப்ரூட்டி எடிஷனில் மைக் வைத்துப் பாட்டை நேராக பிளேலிஸ்டில் (பாட்டின் துண்டுகளை அடுக்கும் திரை) பதிய முடியாது. அதற்கு மேல் பதிப்பு வேண்டும். குரலும் தப்பும் பதிய நினைப்பவர் இதை வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும். போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் பேண்ட்லேப் என்ற செயலியில் தொடங்குங்கள், இலவசம்.

ரீப்பரின் குறையையும் சொல்லிவிடுகிறேன். திறந்ததும் வெறுமையாக இருக்கும். டிரம் சத்தம், லூப், பளபளப்பான இசைக்கருவிகள் எதுவும் அதோடு வராது. முதல் வாரம் அலுத்துப் போகும். எனக்கோ அந்த வெறுமைதான் பிடித்தது. வெளியூர்க்காரர் கட்டி வைத்த லூப் கண்முன் கிடந்தால் கை அதைத்தான் எடுக்கும். ஒன்றுமே இல்லாதபோதுதான் இஸ்தோப்பில் தொங்கும் தப்பு கண்ணில் படுகிறது.

விலைக்கு வருவோம். பாட்டுக் கேட்கும் விண்ஆம்ப் மென்பொருளைச் செய்த ஜஸ்டின் ஃப்ராங்கல் உருவாக்கியது ரீப்பர், 2006இல் அதன் 1.0 பதிப்பு வந்தது. 60 நாள் முழுதாகப் பாவித்துப் பார்க்கலாம், எந்தப் பூட்டும் கிடையாது. அப்புறம் தனிப்பட்ட பாவனைக்கு 60 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 18,000. கொழும்பில் இருப்பவருக்கு அது எப்படியோ தெரியாது. 2024இல் 1,350 ரூபாய் என்று ஆன நாட்சம்பளத்தில் அது அம்மாவின் பதின்மூன்று நாளுக்கும் மேற்பட்ட கொழுந்து. ஆகவே யாரையும் உடனே வாங்கு என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிராக்கை, அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பை, இறக்காதீர்கள். பெரிய மென்பொருள் ஒன்றின் கிராக்கை ஒருவர் தந்தார் என்று நானும் போட்டேன். வைரஸ் புகுந்து, அப்பாயி பாடிய தாலாட்டுப் பதிவு ஒன்று உட்பட எல்லாம் போய்விட்டது. அப்பாயி இப்போது இல்லை. அந்தப் பாட்டு வேறு யாரிடமும் இல்லை.

அதற்குப் பிறகு மூன்று கல்யாண வீட்டு வேலையில் சேர்த்த காசில் ரீப்பருக்குப் பணம் கட்டினேன். பதிவுகளையெல்லாம் இரண்டு இடத்தில் வைக்கிறேன்.

மின்வெட்டையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது என் லெப்டொப் பெட்டரியும் சரியில்லை. பாதிப் பாட்டில் அணைந்துவிடும். சில நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும் வசதியை அன்று ரீப்பரில் போட்டேன், இன்றுவரை எடுக்கவில்லை. நீங்களும் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

மழைக்கு மட்டும் எந்த மென்பொருளும் மருந்தில்லை. மின்விசிறி இரைச்சல் போல ஒரே சீராக ஓடுகிற சத்தத்தை ரீப்பரோடு வரும் ரீஎஃப்ஐஆர் என்ற கருவியால் நன்றாகக் குறைக்கலாம். தகரக் கூரையில் விழும் மழை அப்படி இல்லை, குரலோடு கலந்தால் பிரிக்க முடியாது. காம்பரா (எங்கள் லயத்து அறை) சுவரில் இரண்டு கம்பளியைத் தொங்கவிட்டு, மழை ஓயும்வரை காத்திருப்பதுதான் வழி. தப்புக்கு மைக்கைத் தள்ளி வையுங்கள், அளவு -12 டெசிபெல்லைத் தாண்டாமல் பாருங்கள். முதல் அடியிலேயே மீட்டர் சிவந்தால் அந்த அடி திரும்பி வராது.

சித்தப்பாவுக்குத் தெரிந்ததில் இன்னும் வீரபத்திரன் ஆட்டத்துக்கான அடி பதியாமல் இருக்கிறது. நாலு நாளாக மழை விடவில்லை. மிலாறைக் கூரைக்குள் எடுத்து அடுக்கி வைத்திருக்கிறேன்.